சிறுநீரகத்தின் சாரம் சிறுநீரகத்துக்குள்ளேயே

2013ஆம் ஆண்டு பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஹரால்ட் ஆட்டின் குழு ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. எலியின் சிறுநீரகத்தை எடுத்து, சோப்பு வகையைச் சேர்ந்த ஒரு வேதிக்கரைசலை அதன் தமனி வழியே மணிக்கணக்கில் ஓடவிட்டார்கள். செல்கள் கரைந்து வெளியேறின. எஞ்சியது ஒளி ஊடுருவும் அளவுக்கு வெளிறிய ஒரு புரதக்கூடு. ரத்தநாளங்களின் கிளைப்பும், வடிகட்டும் முடிச்சுகளின் வடிவமும், நுண்குழல்களின் போக்கும் அதில் குலையாமல் இருந்தன. மனிதத் தொப்புள்கொடிச் சிரையின் உட்சுவர்ச் செல்களை அந்தக் கூட்டின் தமனி வழியாகவும், பிறந்த எலிக்குட்டிகளின் சிறுநீரகச் செல்களைச் சிறுநீர்க்குழாய் வழியாகவும் உள்ளே செலுத்தினார்கள். பிந்தையவை ஆழம்வரை இறங்குவதற்காகக் கூட்டைச் சுற்றி லேசான வெற்றிடத்தையும் உண்டாக்கினார்கள். சில நாள் வளர்த்தபின் அந்த உறுப்பு சிறுநீர் கசிந்தது. ஆய்வகத்தில் அதன் செயல்திறன் இயல்பான சிறுநீரகத்தினுடையதில் ஏறக்குறைய 23 விழுக்காடு. உயிருள்ள எலிக்குள் பொருத்தியபோது ஏறக்குறைய 5 விழுக்காடு. உலகெங்கும் செய்தித்தாள்கள் ‘ஆய்வகத்தில் விளைந்த சிறுநீரகம்’ என்று எழுதின. சாதனைதான், ஐயமில்லை.

23 எப்படி 5 ஆயிற்று என்பதை எப்படி விளங்கிக்கொள்வது என்பதில்தான் கருத்து பிரிகிறது. பரவலான விளக்கம் இது: சாரம், அதாவது செல்களைத் தாங்கும் அந்தப் புரதக்கூடு, கைக்கு வந்துவிட்டது, அதில் செல்களை நிரப்பும் கைத்திறன்தான் இன்னும் போதவில்லை; செல்லின் வகையையும் எண்ணிக்கையையும் செலுத்தும் வழியையும் சீராக்கினால் எண் ஏறும். குடியிருந்தவர்கள் காலி செய்துபோன வீட்டில் புதிய குடித்தனம் வைப்பதைப் போன்ற ஒரு கற்பனை இதற்கு அடியில் இருக்கிறது. அந்தக் கற்பனையிலேயே பிழை இருக்கிறது என்பது என் வாதம். சிறுநீரகத்தில் சாரம் செல்களுக்கு முன்பே கட்டப்பட்டுக் காத்திருப்பதில்லை. செல்களே அதை நெய்கின்றன, பழுதுபார்க்கின்றன, வயதுக்கு ஏற்ப மாற்றுகின்றன. ஆகவே உயிர்ப்பொருள் ஆய்வு முதலில் நாட வேண்டிய இலக்கு முழு உறுப்பைக் கட்டுவதாக இருக்க முடியாது. சேதமடைந்த சிறுநீரகத்துக்குள் இன்னும் எஞ்சியிருக்கும் சொந்தச் சாரம் தழும்பாக மாறிவிடாமல் காப்பதே அந்த இலக்காக இருக்க வேண்டும். கேட்பதற்கு இது சின்ன ஆசையாகத் தோன்றும். சான்றுகள் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன.

ஏன் சிறுநீரகம் இவ்வளவு பிடிவாதமான உறுப்பு? சுமார் 150 கிராம் எடையுள்ள ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாக 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் முடிச்சும் நுண்குழலும் சேர்ந்த அலகுகள், இருக்கின்றன. ஆளுக்கு ஆள் இந்த எண்ணிக்கை 2 லட்சத்திலிருந்து 20 லட்சம்வரை மாறுபடும். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவில், இந்த இரண்டு சிறிய உறுப்புகள் வழியே ஓடுகிறது. அதிலிருந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிநீர் பிரிகிறது. ஒன்றரை லிட்டர் போக மீதியெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. வடிகட்டும் வேலையை மட்டும் இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம். நெதர்லாந்தின் காம்பென் நகரில் வில்லெம் கோல்ஃப் 1943இலேயே செலோஃபேன் குழாயைச் சுற்றிவைத்து அதைச் செய்து காட்டினார். இன்றைய டயாலிசிஸ் அந்த வழிவந்ததுதான். திருப்பி எடுப்பதுதான் கடினம். எந்த உப்பு எவ்வளவு வேண்டும், எந்த அமிலத்தைத் தள்ள வேண்டும் என்பதை நுண்குழலின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே தீர்மானிக்கிறது. சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்பின் அடர்த்தி ஆழம்செல்லச் செல்லக் கூடி, புறப்பகுதியைப் போல நான்கு மடங்காகிறது. எதிரெதிர்த் திசையில் ஓடும் குழல்களும் தந்துகிகளும் ஒன்றை ஒன்று ஒட்டி அமைந்திருப்பதால்தான் அந்த அடுக்கு நிலைக்கிறது. இடம் சற்றே பிசகினால் வேலையே இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட செல்வகைகள் தத்தம் இடத்தில் நிற்க வேண்டிய உறுப்பு இது.

இதோடு ஒப்பிட்டால் சிறுநீர்ப்பை ஒரு பை மட்டுமே. அதில்கூடச் சாரத்தின் கதை நேராக ஓடவில்லை. ஆன்டனி அட்டாலாவின் குழு 2006இல் ‘லான்செட்’ இதழில் ஏழு நோயாளிகளைப் பற்றி எழுதியது. பிறவியிலேயே தண்டுவடக் குறைபாடு கொண்ட அந்த இளம் நோயாளிகளின் சொந்தச் செல்களை மட்கக்கூடிய சாரத்தில் வளர்த்து, அவர்களுடைய சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கியிருந்தார்கள். திசுப்பொறியியலின் பொற்காலம் பிறந்துவிட்டதாகப் பேச்சு எழுந்தது. அடுத்த கட்டச் சோதனையை டெஞ்ஜியன் என்ற நிறுவனம் நடத்தியது. அதன் முடிவுகள் 2014இல் வெளிவந்தபோது பையின் கொள்ளளவும் நெகிழ்வும் மேம்படவில்லை என்றும், பாதகமான விளைவுகள் ஏற்கத்தக்க அளவைத் தாண்டின என்றும் தெரிந்தது. இரண்டே வகைச் செல்லடுக்கு உள்ள ஒரு பைக்கே நிலைமை இது. சாரமும் செல்லும் சேர்ந்தால் உறுப்பு என்ற சூத்திரம் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு இன்னும் கொடிய உதாரணம் மூச்சுக்குழாய். நெகிழிக் குழாயில் நோயாளியின் ஸ்டெம் செல்களைப் பூசி உடலில் பொருத்திய அறுவைநிபுணர் பாவ்லோ மக்கியரினியை ஸ்வீடனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் குற்றவாளி எனத் தீர்த்துச் சிறைத்தண்டனை விதித்தது. அது தனிமனித முறைகேடு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் செல்கள் தாமாகவே அடங்கிவிடும் என்ற நம்பிக்கை அன்றைக்குத் துறை முழுவதும் பரவியிருந்ததால்தான் அவரைத் தடுக்க வேண்டியவர்கள் தயங்கினார்கள் என்பது என் எண்ணம்.

சிறுநீரகத்தின் சாரம் உண்மையில் என்ன? அதன் மையம் அடித்தளச் சவ்வு. ஒவ்வொரு நுண்குழலையும் சுற்றி அது ஓடுகிறது. வடிகட்டும் முடிச்சில் தந்துகிச் செல்லுக்கும் போடோசைட் எனும் காலுள்ள செல்லுக்கும் நடுவில் மீட்டரின் நூறு கோடியில் 300 பங்குக்குச் சற்றுக் கூடுதலான தடிமனில் நிற்கிறது. நான்காம் வகைக் கொலாஜனும் லாமினினும் பின்னிய இரண்டு வலைகள் அதன் பாவும் ஊடும். இந்தக் கொலாஜனின் ஆல்ஃபா 3, 4, 5 சங்கிலிகளை நெய்வது போடோசைட் மட்டுமே. வேறெந்தச் செல்லும் அந்த இடத்தில் அதைச் செய்வதில்லை. கருவில் சவ்வு முதலில் வேறு சங்கிலிகளால் ஆனது. முடிச்சு முதிர முதிர ஆல்ஃபா 1, 2 பின்வாங்கி 3, 4, 5 முன்வருகின்றன, லாமினினின் வகையும் மாறுகிறது. அந்த மாற்றம் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆல்போர்ட் நோய் காட்டுகிறது. மூன்று சங்கிலிகளில் ஒன்றின் மரபணு பழுதானாலும் சவ்வு மெலிந்து, பிளந்து, இளவயதிலேயே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். குட்பாஸ்ச்சர் நோயில் உடலின் எதிர்ப்புப் புரதங்களே ஆல்ஃபா 3 சங்கிலியின் ஒரு முனையைக் குறிவைத்துத் தாக்குகின்றன. ஒரு புரதத்தின் ஒரு முனை கெட்டாலே உறுப்பு போய்விடும் என்றால், சாரத்தை வெறும் தாங்குசட்டம் என்று நினைப்பது தவறு. அது வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்துவைத்து வேளைபார்த்து வெளிவிடுகிறது. செல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைச் சொல்கிறது. தன் இறுக்கத்தாலேயே செல்லின் நடத்தையை மாற்றுகிறது.

செல்கள் அகற்றிய கூட்டின் சிக்கல் இப்போது வேறுவிதமாகத் தெரியும். அந்தச் சோப்புக்கரைசல் செல்லைக் கரைக்கும்போது சவ்வில் ஒட்டியிருந்த சர்க்கரைச் சங்கிலிகளையும் வளர்ச்சிக் காரணிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிச் செல்கிறது. மெதுவாகக் கழுவினால் செல்லின் மிச்சம் தங்கி நோயெதிர்ப்பைத் தூண்டும். கடுமையாகக் கழுவினால் சாரமே மெலியும். வயதும் குறுக்கே நிற்கிறது. கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் டாரன்டலின் குழு 2010இல் ரீசஸ் குரங்குகளின் செல் நீக்கிய சிறுநீரகத் துண்டுகளை வயதுவாரியாக ஒப்பிட்டது. இளம் விலங்கின் கூட்டில் செல்கள் நன்றாகப் பரவின. வயதேற ஏற அந்தத் திறன் குறைந்தது. முதிர்ந்த சவ்வின் மேல் பச்சிளம் செல்களைத் தூவும்போது, அவற்றுக்குப் பழக்கமில்லாத ஒரு காலத்தின் கட்டளைகளை நாம் அவற்றுக்குப் படித்துக்காட்டுகிறோம் என்பதே இதன் பொருள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை ரத்தம். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஜூசெப்பே ஒர்லாண்டோவும் உடன்பணியாளர்களும் 2012இல் பன்றிச் சிறுநீரகங்களைச் செல் நீக்கிப் பன்றிகளுக்கே பொருத்தினார்கள். அறுவை மேசையில் கூடு ரத்த அழுத்தத்தைத் தாங்கியது, கசியவில்லை. இரண்டு வாரத்தில் எடுத்துப் பார்த்தபோது ரத்தநாளங்கள் முழுவதும் உறைகட்டிகளால் அடைபட்டிருந்தன. உட்சுவர்ச் செல் இல்லாத கொலாஜனை ரத்தம் காயமாகவே பார்க்கும்; காயத்தில் உறைவது அதன் இயல்பு. மனித அளவுச் சிறுநீரகம் ஒன்றின் தந்துகி முழுவதிலும் ஓர் இடைவெளிகூட விடாமல் உட்சுவர்ச் செல்லைப் பரப்ப வேண்டும். அதே நிறுவனத்தில் ஜேம்ஸ் யூவின் குழு 2014இல் உட்சுவர்ச் செல்லைப் பிடித்துவைக்கும் எதிர்ப்புப் புரதத்தைக் கூட்டின் நாளங்களில் பூசி, பன்றிக்குள் சில மணிநேரம் ரத்தம் தடையின்றி ஓடச் செய்தது. முன்னேற்றம்தான். ஆனால் சில மணிநேரத்திலிருந்து சில ஆண்டுகளுக்குப் போகும் வழியில் உறைவு மட்டும்தான் தடை என்று நினைக்க இடமில்லை; உட்சுவர் நிலைக்க வேண்டுமானால் அதன் மறுபக்கத்தில் போடோசைட்டும் குழல்செல்லும் சரியான சைகைகளை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கதவைத் திறக்க மற்றொரு கதவு ஏற்கெனவே திறந்திருக்க வேண்டிய நிலை அது.

இந்த இடத்தில் நாம் மறந்துவிட்ட பழைய சான்று ஒன்றுக்குத் திரும்ப வேண்டும். புரூக்ளினில் நோய்க்கூறியலாளராக இருந்த ஜீன் ஆலிவர் இறந்தவர்களின் சிறுநீரகத்திலிருந்து நெஃப்ரான்களை ஒவ்வொன்றாக ஊசிமுனையால் பிரித்தெடுத்து முழு நீளத்துக்கும் ஆராய்ந்தவர். அந்தப் பொறுமையை இன்றைக்கு நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. 1951இல் அவர் மக்டவல், டிரேசி இருவரோடும் சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரை திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பில் இரண்டு வகைச் சேதத்தைப் பிரித்துக்காட்டியது. பாதரசம் போன்ற நஞ்சுகளால் குழல்செல்கள் மொத்தமாக மடிந்தாலும் அடித்தளச் சவ்வு குலையாமல் நிற்கும். ரத்த ஓட்டம் தடைபட்டு ஏற்படும் சேதத்திலோ அங்கங்கே சவ்வே கிழிந்துபோகும். முதல் வகையில் எஞ்சிய செல்கள் சவ்வின் மேல் பரவி, குழலை மறுபடி பழைய ஒழுங்கிலேயே மூடிவிடுகின்றன. சவ்வு கிழிந்த இடத்தில் அந்த ஒழுங்கு திரும்புவதில்லை. குழல் திக்குத் தெரியாமல் துண்டுபடுகிறது, இடையே நார்த்திசு நுழைகிறது. 1974இல் ருடால்ஃப் வ்ராக்கோ இதே கருத்தைப் பல உறுப்புகளுக்கும் விரித்து, அடித்தளச் சவ்வையே சாரம் என்று பெயரிட்டு எழுதினார். திசுப்பொறியியல் என்ற துறையே அன்றைக்கு இல்லை. சிறுநீரகம் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உறுப்பு என்பதும், அந்தப் பழுதுபார்ப்பின் எல்லையைத் தீர்மானிப்பது சவ்வின் தொடர்ச்சி என்பதும் எழுபது ஆண்டுகளாக நம் கையில் இருக்கும் உண்மை. அதன் பிறகு வந்த மரபணு அடையாளமிடும் ஆய்வுகள், இறந்த குழல்செல்களின் இடத்தை எங்கிருந்தோ வரும் செல்கள் நிரப்புவதில்லை, உயிர்பிழைத்த அக்கம்பக்கத்துக் குழல்செல்களே பிரிந்து பெருகி நிரப்புகின்றன என்பதையும் காட்டின. ஆக, செல் இருக்கிறது, சாரமும் இருக்கிறது. இரண்டும் கைகோர்க்கும் நேரத்துக்குள் தழும்பு முந்திக்கொள்வதே நோய்.

அந்தத் தழும்பு எப்படி முந்துகிறது என்பது கடந்த இருபதாண்டுகளில் நன்றாக விளங்கிவிட்டது. காயம் மிகுந்தபோது சில குழல்செல்கள் பிரிவதற்குத் தயாராகிப் பாதியில் நின்றுவிடுகின்றன. ஜோசஃப் போன்வென்டரின் குழு 2010இல் எலிகளில் காட்டியதுபோல், அப்படி நின்ற செல்கள் நார்ப்படிவைத் தூண்டும் சைகைகளைத் தொடர்ந்து கசியவிடுகின்றன. தந்துகிகளைத் தழுவியிருக்கும் பெரிசைட்டுகள் அந்தச் சைகையைக் கேட்டு நாளத்தைக் கைவிட்டு நார் நெய்யப் போகின்றன. நாளம் ஆதரவிழந்து சுருங்குகிறது, பிராணவாயு குறைகிறது, மேலும் செல்கள் மடிகின்றன. நார் பெருகப் பெருக இடைத்திசு இறுகுகிறது. இறுகிய திசுவே நார்ப்படிவை ஊக்கும் வளர்ச்சிக் காரணியை விடுவித்து வட்டத்தைப் பூர்த்தி செய்கிறது. நாள்பட்ட சிறுநீரக நோய் எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்த வட்டத்தில்தான் வந்து சேர்கிறது. இலங்கையின் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே பரவியிருக்கும் காரணம் புலப்படாத சிறுநீரக நோயில் இது இன்னும் வெளிப்படை. அங்கே முதலில் அடிபடுவது வடிகட்டும் முடிச்சல்ல, குழலும் அதைச் சுற்றிய இடைத்திசுவும்தான். நோயாளி அறியாமலேயே தழும்பு பல ஆண்டு வளர்கிறது. இத்தகைய நோயாளிக்குப் புதிய சிறுநீரகம் கட்டித்தருவதைப் பற்றிப் பேசுவதற்கு முன், முதல் பத்தாண்டில் அந்த இடைத்திசுவுக்கு எதைக் கொடுக்கலாம் என்று கேட்பதே நியாயமான வரிசை.

இந்தத் திசையில் உயிர்ப்பொருள்கள் செய்யும் வேலை அவ்வளவாகச் செய்தியாவதில்லை. ஐந்தோவனில் பட்ரீசியா டாங்கர்ஸின் குழு, மூலக்கூறுகள் தளர்வான பிணைப்பால் கோத்துக்கொள்ளும் ஒரு ஜெல்லை உருவாக்கியது. ஊசியில் திரவமாகச் செல்லும், சிறுநீரகத்தின் மேலுறைக்கு அடியில் ஜெல்லாகத் தங்கும், உள்ளே வைத்த வளர்ச்சிக் காரணியைப் படிப்படியாக விடும், பிறகு கரைந்துவிடும். டேனியல் சொரான்னோவும் பென்சில்வேனியாவின் ஜேசன் பர்டிக் ஆய்வகமும் 2016இல் ஹயாலுரானிக் அமில ஜெல்லில் அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின் 10 புரதத்தை வைத்து, ரத்தத் தடையால் காயப்பட்ட எலிச் சிறுநீரகத்தில் செலுத்தினார்கள். சிறுநீரக விளைவுகள் மேம்பட்டன, உடல் முழுவதுமான அழற்சியும் குறைந்தது. ரத்தத்தில் செலுத்தினால் வெகுவிரைவில் கழிந்துவிடும் மருந்து, ஜெல்லில் இருந்தால் காயத்தின் நெருக்கடியான நாள்கள் முழுவதும் அங்கேயே தங்குகிறது. இங்கே பொருள் ஓர் உறுப்பாக நடிக்கவில்லை. அது அவகாசம் வாங்கித்தருகிறது: சொந்தச் செல் சொந்தச் சவ்வின் மேல் பரவி முடிக்கும்வரை தழும்பைத் தள்ளிப்போடும் அவகாசம். மனிதரிடம் மிகத் தொலைவு வந்திருப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சிறுநீர்ப்பைச் சோதனையில் தோற்று 2014 இறுதியில் திவாலான அதே டெஞ்ஜியனிடமிருந்து பிறந்த ஒரு யோசனை, புரோகிட்னி என்ற நிறுவனத்தின் கையில் ரில்பாரென்செல் என்ற பெயரில் மூன்றாம் கட்டச் சோதனையை எட்டியிருக்கிறது. நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவரிடமிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்து, அதிலிருந்து தேர்ந்த செல்களைப் பெருக்கி, ஜெலட்டின் ஜெல்லில் கலந்து அவருடைய சிறுநீரகத்துக்கே திருப்பிச் செலுத்துகிறார்கள். முழு உறுப்பு கட்டுவதாகப் புறப்பட்ட ஒரு துறை, கடைசியில் ஒரு ஸ்பூன் ஜெல்லில் வந்து நிற்பதைத் தோல்வி என்று சிலர் சொல்வார்கள். நான் அதைத் தெளிவு என்பேன்.

ஆய்வகத்தில் வளரும் ஆர்கனாய்டுகளும் இதையே வேறு வழியில் சொல்கின்றன. 2015இல் மெல்பர்னில் மெலிசா லிட்டிலின் குழு மனித ஸ்டெம் செல்லிலிருந்து நெஃப்ரான்களை ஒத்த சிறு திசுக்களை வளர்த்தது. எந்தச் சாரமும் கொடுக்கவில்லை, செல்கள் தாமே வடிவெடுத்தன. மான்செஸ்டரில் ரேச்சல் லென்னனின் குழு பின்னர் காட்டியபடி, அந்தச் செல்கள் அடித்தளச் சவ்வையும் தாமே, கருவில் நடக்கும் வரிசையிலேயே நெய்யத் தொடங்குகின்றன. பிறகு எதற்குப் பொருள் வேண்டும்? தவறான நெசவைத் தடுக்க. சும்மா விட்டால் ஆர்கனாய்டுகளில் வாரங்கள் போகப் போகத் தழும்பில் காணும் வகைக் கொலாஜன் படிகிறது. மாஸ்ட்ரிக்டில் வனெசா லாபாயின்ட்டின் குழு அவற்றை மென்மையான ஆல்ஜினேட் ஜெல்லுக்குள் பொதிந்தபோது அந்தப் படிவு குறைந்தது. பார்சலோனாவில் நூரியா மொன்செராட்டின் குழு 2019இல், கருத்திசுவின் மென்மையைக் கொண்ட ஜெல்லின் மேல் செல்கள் இறுகிய ஜெல்லைவிட விரைவாகச் சிறுநீரகத் திசையில் முதிர்வதைக் கண்டது. இரண்டிலும் ஜெல்லுக்கு வடிவம் கொடுக்கும் பொறுப்பு இல்லை. சூழலின் இறுக்கத்தைக் கட்டுக்குள் வைத்ததே அது செய்த உதவி.

எதிர்வாதங்களில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 5 விழுக்காடு என்பதை இளக்காரமாகப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளிவந்த ஐடியல் ஆய்வு, வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 5 முதல் 7 மில்லிலிட்டராகக் குறையும்வரை டயாலிசிஸைத் தள்ளிப்போடத் திட்டமிட்டாலும் உயிர்வாழ்வில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. இயல்பான அளவு 100க்கும் மேல். அப்படியானால் பத்தில் ஒரு பங்கு வேலை செய்யும் செயற்கைச் சிறுநீரகமே ஒருவரை இயந்திரத்திலிருந்து விடுவித்துவிடும், முழுமை தேவையில்லை. இது உண்மை, என் வாதத்தை இது திருத்தவும் செய்கிறது. ஆனால் பத்தில் ஒரு பங்கு என்பது நாள்பூராவும் ஆண்டுக்கணக்கில் உறையாமல் நிற்கும் பத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். கிரியேட்டினின் எனும் கழிவை மட்டும் கழித்து, புரதத்தையும் உப்பையும் கட்டுப்பாடின்றி ஒழுகவிடும் உறுப்பு நோயாளிக்குச் சுமையே. அதோடு அதே கணக்கு என் பக்கத்துக்கும் பொருந்தும்: சொந்தச் சிறுநீரகத்தில் 15 மில்லிலிட்டரைக் காப்பாற்றுவது, இல்லாத உறுப்பில் 10 மில்லிலிட்டரைப் படைப்பதைவிட நிச்சயமாக எளிது.

அடுத்தது, காக்க ஒன்றும் மிஞ்சாதவர்களுக்கு என்ன வழி என்ற கேள்வி. மனிதக் கரு ஏறக்குறைய 36 வாரத்தை எட்டும்போது நெஃப்ரான் உருவாக்கம் நின்றுவிடுகிறது. அதன்பின் இழந்தது இழந்ததுதான். மீன்களில் காயத்துக்குப் பிறகும் புதிய நெஃப்ரான் முளைக்கிறது, நம்மில் இல்லை. சுருங்கித் தழும்பாகிவிட்ட சிறுநீரகத்தில் எந்த ஜெல்லும் நெஃப்ரானை எழுப்பாது. இதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. டயாலிசிஸில் இருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு மாற்றுறுப்புதான் வழி. ஆனால் அந்த வரிசையில் செல் நிரப்பிய கூடு இப்போது தனியாக நிற்கவில்லை. மரபணு திருத்திய பன்றியின் சிறுநீரகம் 2024 மார்ச்சில் முதன்முறையாக உயிருள்ள மனிதருக்குப் பொருத்தப்பட்டது. 2025 ஜனவரியில் பொருத்தியது ஏறக்குறைய ஒன்பது மாதம் வேலை செய்தது. பன்றியே நெய்து கொடுத்த சவ்வும் நாளமும் முழுமையாக, உயிரோடு வந்துசேர்கின்றன. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துதான் விலை. பன்றிக் கூட்டைக் கழுவி மனிதச் செல்லால் நிரப்புபவர்கள் அந்த விலையைத் தவிர்க்கலாம் என்கிறார்கள். அது சரியாகவும் இருக்கலாம். ஆயினும் எல்லாச் செல்லும் நோயாளியுடையதாகி, கூட்டில் பன்றியின் தடயமும் நீங்கினால்தான் அந்த ஆதாயம் கிட்டும். அதற்கு முன்பே பன்றிச் சிறுநீரகம் மருத்துவமனைகளுக்கு வந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

என் பக்கத்தின் பலவீனத்தையும் மூடி வைப்பதற்கில்லை. ஜெல் சோதனைகளில் பெரும்பாலானவை இளம், ஆரோக்கியமான எலியின் சிறுநீரகத் தமனியை அரைமணிநேர அளவில் கவ்வி விடுவித்துச் செய்யப்பட்டவை. எலியின் சிறுநீரகம் இயல்பாகவே நன்றாகத் தேறும். இருபதாண்டு நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் சுமந்த அறுபது வயதுக்காரரின் சிறுநீரகம் அப்படித் தேறுவதில்லை. மேலுறைக்கு அடியில் வைத்த ஜெல்லிலிருந்து மருந்து எலியில் சில மில்லிமீட்டர் பரவினால் போதும், மனிதரில் பல சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செல்ல வேண்டும். செல் கலந்த ஜெல்லில் பயன் தெரிந்தாலும் அது செல்லாலா, செல் கசியவிட்ட சைகையாலா, ஊசி குத்திய காயத்தின் எதிர்வினையாலா என்று பிரித்தறிவது கடினம். அதற்கு ஜெல் மட்டும் செலுத்திய குழு, ஊசி மட்டும் குத்திய குழு என்று தனித்தனி ஒப்பீடு வேண்டும். மிக முக்கியமாக, இந்த வாதத்தின் மையத்திலுள்ள சவ்வின் தொடர்ச்சியை மனிதச் சோதனைகளில் நேரடியாக அளக்கும் எளிய வழி இல்லை. வடிகட்டும் அளவு ஆண்டுக்கு எவ்வளவு சரிகிறது என்பதைப் பார்க்கிறார்கள். அது பல காரணங்களின் கூட்டுத்தொகை. திரும்பத் திரும்பத் திசு எடுத்துப் பார்ப்பது ரத்தப்போக்கு அபாயம் உள்ளது, எடுக்கும் துண்டும் 10 லட்சம் நெஃப்ரானில் சில நூறைக்கூடக் காட்டாது. கொலாஜன் உருவாகும்போதும் சிதையும்போதும் உதிரும் துண்டுகளை ரத்தத்திலும் சிறுநீரிலும் அளக்கும் முறைகள் இப்போது உருவாகிவருகின்றன. தழும்பின் கொலாஜனையும் சவ்வின் கொலாஜனையும் அவை தனித்தனியே காட்டிக்கொடுக்கும் அளவுக்குத் தேறினால், ஒரு ஜெல் செலுத்திய மூன்றாம் மாதத்திலேயே அது எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்பதை நோயாளியின் ஒரு குப்பிச் சிறுநீரில் பார்த்துவிட முடியும்.